கோழி அக்கா விண்வெளிக்குப் போன நாள்

மாவு உப்பி வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவாள். பிசைந்த மாவைத் தொட்டியில் கொட்டி ஈரத்துணியால் மூட வேண்டியது, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார வேண்டியது, சுவரில் தலையைச் சாய்க்க வேண்டியது. அவ்வளவுதான். மாவு துணியை முட்டிக்கொண்டு எட்டிப்பார்க்கும் நேரத்துக்குச் சரியாக இவளும் கண்ணைத் திறப்பாள். பேக்கரியில் அவளை யாரும் எழுப்பியதில்லை. அங்கே அவளுக்குக் கோழி அக்கா என்று பெயர். கோழித்தூக்கம் தூங்குகிறவள் என்று மாவு பிசையும் மெஷின்காரர் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவளிடம் போய், "என்னக்கா, தூங்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. பொல்லாத கோபம் வரும்.

"நான் எங்க தூங்கினேன்? கண்ணு மட்டும்தான் மூடியிருக்கு. காது பாட்டுக்கு வேலை பார்த்துட்டுதான் இருக்கு."

அதில் பாதி உண்மை. எதிரில் இருப்பவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையைத் தூக்கத்திலிருந்தபடியே பிடித்துக்கொள்வாள். 'சந்தேகமா? நீங்க இப்ப வாடகைன்னு சொன்னீங்க' என்பாள்.

ஊரே இன்னும் விழிக்காதபோது வேலைக்குப் போய், ஊர் பல் தேய்க்கும்போது முதல் அடுப்பு ரொட்டியை இறக்கி, நண்பகலில் வீடு திரும்புகிறவள் அவள். இரண்டு முன்னங்கைகளிலும் சூடான தட்டின் விளிம்பு இழுத்த கோடுகள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதுமடலுக்குப் பின்னால் கொஞ்சம் மாவு மிச்சம் இருக்கும். தூக்கம் பாக்கி நிற்கிற உடம்பு அது. எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வசூல் பண்ணிக்கொள்ளும். பேருந்துக் கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்குவாள். துணி உலர்த்தும்போது வாயில் கவ்விய கிளிப்போடு தூங்குவாள். பல் டாக்டரின் நாற்காலியில், வாயைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அவளுக்குக் கண் மூடித்தான் இருக்கிறது. "போட்டோகிராபர் சரியில்ல" என்று பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் இன்றைக்கும் பெருந்தன்மையாகச் சொல்லிவருகிறான்.

அந்தக் கடைசி வார்த்தை வித்தையைக் கண்டுபிடித்தவள் மூத்த மகள். இரண்டாம் வகுப்பு. பள்ளி நாடகத்தில் தான் மரமாக நின்ற கதையை ஒருநாள் மூச்சு விடாமல் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் சந்தேகம் வந்து, "அப்புறம் என்ன ஆச்சு, சொல்லு பார்ப்போம்" என்றாள். "கைதட்டினாங்க" என்று கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "அதுக்கு முன்னாடி?" என்று கேட்டாள் பிள்ளை. லேசான குறட்டைதான் வந்தது.

அன்று மாலை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு, வாசலில் மகள் அப்பாவிடம் பேசுவது கேட்டது. பிள்ளை கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மாகிட்ட கதை சொல்ல முடியாதுப்பா. அவங்களுக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் கேக்கும். நான் இனிமே உங்ககிட்டயே சொல்லிக்கிறேன்."

அந்த வெங்காயத்தை அவள் வெகுநேரம் நறுக்கினாள்.

ஊருக்கு வெளியே விண்வெளி மையம் ஒன்று இருக்கிறது. முற்றத்தில் ஓய்வுபெற்ற ராக்கெட்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள். உள்ளே உருண்டைக் கூரைபோட்ட கோளரங்கம். சனி கிரகத்தின் வளையம் தலைக்கு மேலேயே சுற்றுமாம். மகள் பல மாதமாக அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அம்மாவே முந்திக்கொண்டாள். லீவு சொன்னாள், டிக்கெட் எடுத்தாள், மகளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை போறோம். ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் முழிச்சிருந்து உன்கூட பார்க்கிறேன். சத்தியமா."

"பார்க்கலாம்" என்றாள் மகள், பெரிய மனுஷிபோல.

ஞாயிறு விடியுமுன் முதலாளி போன் பண்ணினார். அவளுக்குப் பதிலாக வரவேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். முதல் அடுப்பு மட்டும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்று கெஞ்சினார். மறுக்க வாய் வரவில்லை. காலையில் புருவத்தில் மாவோடு வந்து நின்றவளைப் பார்த்துக் கணவன், "அடுத்த வாரம் போலாமே. ராக்கெட் எங்க ஓடிடப் போகுது?" என்றான்.

"ராக்கெட் ஓடாது. பொண்ணு ஓடிடுவா" என்று சொல்லிவிட்டுப் பச்சைத்தண்ணீரில் தலை முழுகினாள்.

அன்று அவள் தூக்கத்தோடு நடத்திய சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேருந்தில் இடமிருந்தும் உட்காரவில்லை. பையில் கிராம்புப் பொட்டலம். கண் சொக்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்துக் கடிப்பாள், கண்ணில் தண்ணீர் வரும். ராக்கெட்டைச் சுற்றி வந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றியது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். நிலாவில் நம் எடை எவ்வளவு என்று காட்டும் மெஷினில் கணவன் ஏறி நின்று, "பார்த்தியா, நான் இளைச்சுட்டேன்" என்றான். நான்கு வயதுச் சின்னவன் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில் அதன்மேலேயே குடியிருப்பேன் என்று அடம் பிடித்தான். மூத்தவள் ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு முறையும் திரும்பி அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டாள். கண் திறந்திருந்தது. பகல் சாப்பாடு தாண்டியும் திறந்திருந்தது.

கோளரங்கக் காட்சிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் விண்வெளி நிலையத்தின் மாதிரியைப் பார்த்துவிடலாம் என்று நுழைந்தார்கள். வெள்ளைக் குகைபோல நீளமான அறை. நான்கு பக்கச் சுவரிலும் பட்டைகளும் பெட்டிகளும். நீலச் சட்டை போட்ட வழிகாட்டிப் பெண் சுவரில் நெட்டுக்குத்தாகத் தொங்கிய ஒரு பையைத் தட்டிக் காட்டினாள்.

"இதுதான் அவங்க படுக்கை. மேலே போனா எது மேல், எது கீழ்னு கிடையாது. அதனால மிதந்து போயிடாம, சுவத்தோட கட்டிக்கிட்டு நின்ன மாதிரியே தூங்குவாங்க."

கூட்டத்தின் காலுக்கிடையிலிருந்து சின்னவன் குரல் கொடுத்தான்: "எங்கம்மாவும் நின்னுக்கிட்டே தூங்குவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப அம்மாவே வந்து செஞ்சு காட்டட்டும்" என்று வழிகாட்டிப் பெண் கைநீட்டினாள். மாட்டேன் என்று அவள் எவ்வளவோ தலையாட்டினாள். அதற்குள் யாரோ அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார்கள், யாரோ வழி விட்டார்கள். படுக்கைப் பைக்குள் கால் நுழைந்தது. ஜிப் வயிற்றைத் தாண்டி, தோளைத் தாண்டி மேலே ஏறியது. உள்ளே கதகதப்பாக இருந்தது. நாலா பக்கமும் யாரோ தாங்கிப் பிடித்ததுபோல இருந்தது. கைகள் உள்ளே கட்டுண்டு கிடந்ததால், தூக்க, கழுவ, பிசைய, துடைக்க வேண்டியது எதுவும் இல்லை. கிராம்பு கைப்பையில் அல்லவா இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. 'இங்கே இரவும் பகலும்' என்று வழிகாட்டிப் பெண் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

அப்புறம் கணவனின் கை அவள் கன்னத்தைத் தட்டியது.

"எழுந்திரும்மா. போதும்."

கூட்டத்தைக் காணோம். நீலச் சட்டைப் பெண் ஓர் ஓரத்தில் நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தாள். சின்னவன் தரையில் உட்கார்ந்து அப்பாவின் செருப்பை ராக்கெட்டாக ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நான் எங்க தூங்கினேன்? பகல்னு..." என்று ஆரம்பித்தாள். யாரும் சிரிக்கவில்லை. மகள் வட்டக் கண்ணாடி ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஷோ?" என்று கணவனிடம் கேட்டாள்.

"அது முடிஞ்சு ஆளுங்க வெளிய வந்துட்டாங்க" என்றான் கணவன்.

அவள் தள்ளாடி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் இருவரும் மறுபடி நிலா மெஷினுக்கு ஓடினார்கள். தாய் கண்ணில் தளும்பியதை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, "ஏன் எழுப்பல? ஒரு உலுக்கு உலுக்கக் கூடாதா? அவகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேனே" என்று கணவன்மேல் பாய்ந்தாள்.

"எழுப்ப விட்டாத்தானே?"

"யாரு விடல?"

அவன் நடந்ததைச் சொன்னான். ஜிப்பைப் போட்ட மறுநிமிஷமே இவள் குறட்டை விட்டுவிட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருவர் போனைத் தூக்கிப் படமெடுக்கப் போனார். இன்னொருவர் அதேபோலக் குறட்டை விட்டுக் காட்டினார். இவனுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம், மறைக்காமல் ஒப்புக்கொண்டான். வழிகாட்டிப் பெண் எழுப்புவதற்குக் கையை நீட்டியபோதுதான் மூத்தவள் உள்ளே புகுந்து, பைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னா தெரியுமா? 'தொடாதீங்க. எங்கம்மா நடிக்கல, நிஜமா தூங்குறாங்க. விடியறதுக்கு முன்னாடியே போய் ரொட்டி சுட்டுட்டு வந்திருக்காங்க. நீங்க காலைல சாப்பிட்டது எங்கம்மா சுட்டதாக்கூட இருக்கும். அதைச் சாப்பிட்டுட்டு சிரிக்கிறீங்க' அப்படின்னா. போன் வெச்சிருந்தவர் அப்படியே சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு."

அவள் முந்தானையை இறக்கிவிட்டு, மகள் எங்கே என்று தேடினாள்.

"அதுக்கப்புறம் உள்ளே வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் உதட்டுல விரல் வெச்சுக் காட்டினா. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் பூனை மாதிரி நடந்து போனாங்க. ஷோவுக்கு மணி அடிச்சப்ப நான் கூப்பிட்டுப் பார்த்தேன். 'சனி எங்கயும் போகாதுப்பா, அம்மா தூங்கட்டும்'னுட்டா."

சற்றுத் தொலைவில் மகள், தம்பியை மெஷினிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் தோள்பட்டையையே தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் இந்தப் பிள்ளைக்கு நாலு பேர் முன்னால் கொஞ்சுவது பிடிக்காது. பக்கத்தில் போய் நின்று, கூந்தலில் அவிழ்ந்திருந்த ரிப்பனை மட்டும் கட்டிவிட்டாள். பிள்ளையும் கட்டி முடிக்கும்வரை தலையை அசைக்காமல் நின்றாள்.

கடைசிக் காட்சி ஒன்று மிச்சமிருந்தது. டிக்கெட் தீர்ந்துவிட்டதாக வாசலில் சொன்னார்கள். நீலச் சட்டைப் பெண் யாரிடமோ போய்ப் பேசினாள். திரும்பி வந்து, "அம்மாவுக்குக் காவல் நின்ன பாதுகாவலர் எங்க? வாங்க, ஓரமா இடம் இருக்கு" என்று மூத்தவளைப் பார்த்துச் சொன்னாள்.

கோளரங்க நாற்காலியைப்போலப் பொல்லாத நாற்காலி உலகத்தில் வேறு இல்லை. மெத்தென்று இருக்கும். பின்னால் சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும். விளக்கை வேறு அணைத்துவிடுவார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கிராம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, இருட்டில் மகள் குரல் காதோரம் வந்தது.

"அம்மா, தூக்கம் வந்தா தூங்கிக்கோ. நான் பார்த்துட்டு உனக்குச் சொல்றேன். முதல்லேர்ந்து சொல்றேன்."

"சரிடா கண்ணு" என்றாள். கிராம்புப் பொட்டலத்தை மூடி வைத்தாள்.

அவ்வளவுதான், தூக்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கூரை காணாமல் போய் அங்கே வானம் வந்தது. இத்தனை வருஷம் விடியுமுன் அந்த வானத்துக்குக் கீழேதான் நடந்து வேலைக்குப் போகிறாள், ஒருநாளாவது நின்று பார்த்ததில்லை. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கு ஒரே நாளில் பல முறை விடியும் என்று குரல் சொன்னது. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மகள் பக்கம் சாய்ந்து, "பாவம்டி, அங்க பேக்கரி வேலைக்கு யாரு வருவாங்க?" என்று கிசுகிசுத்தாள்.

அவள் தோளில் ஒரு பாரம் வந்து சாய்ந்தது. காலையிலிருந்து நடந்த களைப்பு, காவல் நின்ற களைப்பு, எல்லாம் சேர்ந்து பிள்ளை உறங்கிப்போயிருந்தாள். வாய் சற்றே திறந்திருந்தது. அந்தப் பக்கம் கணவன் மடியில் சின்னவன் எப்போதோ சுருண்டுவிட்டான்.

அப்போதுதான் சனி வந்தது. கோளரங்கமே மூச்சை இழுத்துக்கொண்டது. மஞ்சள் உருண்டை, அதைச் சுற்றித் தட்டையான வளையம், வளையத்துக்குள் வளையம், நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி. எழுப்பலாமா என்று ஒரு கணம் கை போயிற்று. இதற்காகத்தானே அத்தனை மாத நச்சரிப்பு? கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எழுப்புவதற்குப் பதில் உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எப்படித் திரும்பியது, நிழல் எங்கே விழுந்தது என்று ஒவ்வொன்றாக மனசில் போட்டு வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் மகள் கேட்பாள். முதலிலிருந்து கேட்பாள்.

சனி சுருங்கி மறைந்தது. பூமி நீலமாக எழும்பி வந்தது. அதன் விளிம்பில் ஒரு கீற்று கண்ணைக் குத்த, மறுகணம் சூரியன் மேலேறி, அரங்கம் முழுவதும் பட்டப்பகலாக வெளிச்சம் கொட்டியது. தோளில் கிடந்த தலை லேசாகச் சிணுங்கியது. தாய் மேலே பார்த்தபடியே கையை எடுத்துப் பிள்ளையின் கண்களுக்கு மேல் குடையாகப் பிடித்தாள். விரல்களுக்கு நடுவே வெளிச்சம் கசிந்தது. விரல்களை நெருக்கிக்கொண்டாள்.