பொத்தானுக்கு இடம்

அச்சகத்தில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். பதினோரு வருஷம் காகிதம் வெட்டும் மெஷினில் நின்றவள். அளவுகோலைத் தொடாமல், கண்ணாலேயே ஒரு நூல் பிசகாமல் வெட்டுவாள் என்பார்கள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. மேஸ்திரி பார்க்காத நேரத்தில் அளவுகோலை எடுத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வாள். அது மெஷினுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

வேலையை விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. வகுப்பறைக்குள் தண்ணீர் புகுந்ததென்று பள்ளியைத் திடீரென்று மூடிவிட்டார்கள். லாரி ஓட்டும் கணவர் வீடு திரும்ப இன்னும் இரண்டு வாரம். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, பக்கத்து வீட்டில் சமாளித்துக்கொள்வாள். ஏழு வயதுச் சின்னவளை விட்டுவிட்டு வந்தால் பக்கத்து வீடு தாங்காது. அதனால் கையோடு கூட்டிவந்து, பேக்கிங் மேஜைக்கு அடியில் கழிவுக் காகிதங்களோடு உட்காரவைத்தாள்.

பதினொரு மணிக்கு மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தார். மேஜைக்கடியிலிருந்து ஒரு குரல், "நீங்க ஏன் கத்திக்கிட்டே நடக்கிறீங்க?" என்று கேட்டது.

மேஸ்திரிக்கு மீசை துடித்தது. "குழந்தையை வெச்சுக்கிட்டு எந்த வேலையும் உருப்படாது. ஒண்ணு வேலை, இல்ல குழந்தை. எது வேணும்?" என்றார், எல்லோர் எதிரிலும்.

ஸ்கேல் அக்கா கையில் ஒட்டியிருந்த காகிதத் தூசியைத் தட்டினாள். குனிந்து மகளின் கையைப் பிடித்தாள். "ரெண்டும்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பஸ்ஸில் சின்னவள் ஒரு மடித்த காகிதத்தை நீட்டினாள். பெரிய மீசை, அதற்குக் கீழே ஒரு குட்டி மனிதர். உள்ளே, 'உங்க கோபம் சீக்கிரம் குணமாகட்டும்' என்று எழுதியிருந்தது. ஸ்கேல் அக்கா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலை ஆகாதா? குழந்தைகள் இல்லாமல் ஆகவே ஆகாத ஒரு வேலையை ஆரம்பித்துக் காட்டுகிறேன் என்று முடிவு பண்ணியது அந்தச் சுவருக்கு முன்னால்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பூக்கடை இருந்தது. நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே பூங்கொத்தும் பழமும் வாங்குவார்கள். வாழ்த்து அட்டை மட்டும் அங்கே இல்லை. கடைக்காரம்மா, அவள் கொண்டுபோன நாலு மாதிரிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அறுபது கொண்டு வா. கவரோட. வர்ற வாரம் வெள்ளிக்கிழமை காலையில" என்றார்.

பள்ளியும் திறந்தது. அன்றிலிருந்து வீட்டுப்பாடம் முடிந்த கையோடு வேலை தொடங்கும். அம்மா வெட்டுவாள், மடிப்பாள். பெரியவள் தையல்கடையில் கழித்துப்போட்ட பொத்தான்களை வாங்கிவந்து ஒட்டுவாள். சைக்கிளுக்குச் சக்கரம், ஆந்தைக்குக் கண், டாக்டருக்குத் தொப்பை எல்லாமே பொத்தான்தான். உள்ளே எழுதுவது சின்னவள் பொறுப்பு. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

'ஊசியை நான் திட்டிட்டேன்.'

'ஆஸ்பத்திரி சாப்பாட்டைச் சாப்பிட்ட வீரரே, வாழ்க.'

'சீக்கிரம் வாங்க. உங்க நாற்காலியில வேற ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்.'

அடுத்த வாரம் புதன்கிழமை அவள் அண்ணன் வந்தார். அச்சகத்தின் வேன் ஓட்டுபவர், அங்கே அவளைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். "மேஸ்திரி சொல்லியனுப்பினார். திங்கட்கிழமை வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாப் போதுமாம். மெஷின் இன்னும் காலியாத்தான் இருக்கு."

"எதுக்கு மன்னிப்பு? புள்ளை பெத்ததுக்கா?"

"வீம்பு சோறு போடாதும்மா."

கணவர் ஒருவர் உழைப்பில் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்பது அவளுக்கும் தெரியும். "வெள்ளிக்கிழமை கடைக்காரம்மா எடுத்துக்கலைன்னா, திங்கட்கிழமை நானே வந்து கேட்கிறேன். போதுமா?" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அறுபதும் தயார். பெரியவள் முதல் அட்டையைக் கவருக்குள் நுழைத்தாள். கவரின் ஓரம் கிழிந்தது. இன்னொன்று. அதுவும் கிழிந்தது.

"அம்மா, போகமாட்டேங்குது."

"பதமா நுழைடி."

"நீயே நுழைச்சுப் பாரு."

நுழைத்துப் பார்த்தாள். பொத்தான் கவரின் வயிற்றைத் தூக்கியது. வயிறு தூக்கினதும் பக்கவாட்டில் கவர் இறுகியது. பதினோரு வருஷமாகத் தட்டைக் காகிதமாகவே வெட்டிப் பழகிய கை. கவரை அளந்து, அதற்குக் கச்சிதமாக வெட்டியிருந்தது. பொத்தானுக்கு உயரம் உண்டு என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் நறுக்கிவிடலாம் என்றால் படங்கள் எல்லாம் ஓரம் வரை ஓடியிருந்தன.

எட்டிப் பார்க்க வந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஸ்கேல் அக்கா வெட்டினது கவருக்குள்ள போகலையா? இதை மேஸ்திரிகிட்ட சொன்னா மீசையை முறுக்கியே ஒரு வாரம் ஓட்டுவார்."

"சொல்லுங்கண்ணா. மறக்காம கவர் அளவையும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் போனதும்தான் அவள் முகம் தொங்கியது. சின்னவள் கிழிந்த கவரைக் கையில் மாட்டிக்கொண்டு கேட்டாள்: "கையில ஊசி குத்தியிருக்கிறவங்க எப்படிம்மா கவரைப் பிரிப்பாங்க?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பெரியவள் கவர்க்கட்டைத் தூக்கி அலமாரிக்குள் போட்டாள்.

மறுநாள் காலை, பள்ளிக்குப் போகிற வழியில், சீருடையோடு பெண்கள் இருவரும் அம்மாவும் கடையில் நின்றார்கள். கடைக்காரம்மா அட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "கவர் எங்கே?" என்றார்.

வக்கீல் தன் ஊசிக் கேள்வியைப் போட்டாள்.

"கூட இருக்கிறவங்க பிரிச்சுக் கொடுப்பாங்க."

"அப்ப அவங்கதானே முதல்ல படிப்பாங்க? கார்டு யாருக்கு ஆன்ட்டி?"

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. "இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். பொத்தானைப் பிச்சுட்டுத் தட்டையாக் கொண்டு வா, எடுத்துக்கறேன்."

பொத்தானைப் பிய்த்தால் வேலை முடிந்தது. திங்கட்கிழமைப் பயமும் தீர்ந்தது. பெரியவள் பசை காய்ந்து ஒட்டிய விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அம்மா அதைக் கவனித்தாள்.

"பொத்தான் இருக்கும்ங்க. கவர்தான் இருக்காது. பிடிக்கலைன்னா எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது.

பழம் வாங்க நின்ற ஒருவர் அந்தச் சத்தத்தில் திரும்பினார். மேலே கிடந்த நாற்காலி அட்டையைப் பிரித்தார். படித்தார். பழப்பை குலுங்கச் சிரித்தார். "எங்க ஆபீஸ்காரரைத்தான் பார்க்கப் போறேன். அவர் நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது நான்தான்! இது எவ்வளவு?"

"கவர் கிடையாதுங்க" என்றாள் சின்னவள், முந்திக்கொண்டு.

"கவர் எதுக்கு? அவர் முன்னாடி நிமிர்த்தி வைக்கணும்."

கடைக்காரம்மா ஸ்கேல் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரிப்பனை எடுத்து, அட்டையைப் பூங்கொத்தின் நடுவில் நிற்கிறமாதிரி கட்டினார். "ஐம்பத்தொன்பதையும் வெச்சுட்டுப் போ. அடுத்த நூறுக்குக் கவர் இருந்தே ஆகணும், சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை பள்ளி விட்ட பிறகு, சொன்ன நாளிலேயே அவள் அச்சகத்துக்குப் போனாள், இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு. மேஸ்திரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வந்துட்டியா? முதல்ல குழந்தைகளை வெளியே நிறுத்து."

"சரக்கு வாங்க வந்தவங்களை வெளியே நிறுத்துவீங்களா மேஸ்திரி?"

"யாரு சரக்கு வாங்கறது?"

"நாங்கதான். உங்ககிட்ட மிஞ்சின தடிமனான காகிதம் வேணும். நூறு அட்டைக்கு." அவள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மெஷினில் புதிதாக நின்ற பையனைப் பார்த்தாள். "தம்பி, இந்தக் கவரை அளந்துக்கோ. சுத்தி ஆறு மில்லி குறைச்சு வெட்டு."

"ஆறா? அவ்வளவு எதுக்கு?" என்றார் மேஸ்திரி.

பெரியவள் பதில் சொன்னாள்: "பொத்தானுக்கு இடம் வேணும்."

சின்னவள் அதற்குள் பேக்கிங் மேஜைக்கு அடியில் புகுந்து, காகிதத்தில் நிறம் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்திருந்தாள்.