கடலில் நின்ற மாப்பிள்ளை வண்டி

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. எனக்கு ஊர் செஞ்சி. கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன், வயது ஐம்பத்து நான்கு. ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் பாத்திரக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என் புத்தி கெட்டுப் போனது.

அதற்கு முந்தின வைகாசியில் என் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். நல்ல பிள்ளை, ஆனால் கூச்ச சுபாவம். நானோ பெண்ணைக் கொடுத்தவன். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். "வாங்க மாப்ள", "சாப்டீங்களா மாப்ள", "போய்ட்டு வாங்க மாப்ள". இந்த மூன்றைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு போனதே இல்லை. மற்ற நேரமெல்லாம் இரண்டு பேரும் டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அது அணைந்திருந்தாலும்.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி மகளை அழைத்து வந்து வீட்டில் வைத்துக்கொண்டோம். விருந்துக்கு மாப்பிள்ளை தன் புது மோட்டார் சைக்கிளில் வந்தார். கருநீல வண்டி. கல்யாணச் சீராக வண்டி வாங்கித் தருகிறோம் என்று நாங்கள் சொன்னபோது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் சம்பளத்தில் வாங்கியது. மறுநாளே கம்பெனி அவரை மூன்று வாரப் பயிற்சிக்கு ஓசூருக்கு அனுப்பியது. சாவியை என் கையில் கொடுத்து, "இங்க இருந்தா பத்திரமா இருக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். கூடத்தில் நிறுத்தி, பழைய போர்வை ஒன்றைப் போர்த்தி, தினமும் துடைத்தேன். நாலாம் நாள் பேட்டரி இறங்கிவிடுமே என்று வாசலில் வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். மறுநாள் இன்ஜின் சூடாக வேண்டும் என்று சிங்கவரம் வரை ஒரு நடை. அதற்கு மறுநாள் காலையில் மேல்மலையனூர் ரோட்டில் கொஞ்ச தூரம். முப்பது வருடமாகக் குடமும் குண்டானும் கட்டிய மொபெட்டையே ஓட்டியவன் நான். அந்த வண்டியில் ஏறியதும் எங்கள் ஊர்க் கோட்டை நிற்கிற ராஜகிரி மலையே எனக்குச் சொந்தம் என்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்துவிட்டது.

சின்ன வயதில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. கடலை ஒட்டிப் போகிற ரோட்டில் தனியாக மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டும், பின்னால் யாரும் உட்கார்ந்து 'மெதுவா போங்க' என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான். பிறகு கடை, குடும்பம் என்று அந்த ஆசை எங்கேயோ பரணில் போய்விட்டது. இப்போது வண்டி கூடத்தில் நிற்கிறது, கடையில் வியாபாரம் இல்லை. ஒரு புதன்கிழமை காலை, மொத்த வியாபாரியைப் பார்க்கத் திண்டிவனம் போகிறேன் என்று மனைவியிடம் ஒரு பொய்யைச் சொன்னேன்.

"மாப்ள வண்டியிலயா? எதுக்கு வம்பு, பஸ்ல போயிட்டு வாங்களேன்" என்றாள் அவள்.

"பேட்டரி இறங்கிடும்டி" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினேன்.

திண்டிவனத்தில் வண்டி நிற்கவே இல்லை. மரக்காணம் ரோட்டைப் பிடித்தேன். உப்பளம் வந்தது, கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வந்தன, அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. வடக்கே திரும்பினேன். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, அதன் இடைவெளியில் அவ்வப்போது நீலமாகக் கடல். உப்புக் காற்று சட்டைக்குள் புகுந்து சட்டை பலூன் மாதிரி உப்பியது. நான் பாட ஆரம்பித்தேன். ஹெல்மெட்டுக்குள் பாடினால் குரல் எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா? எதிரே வந்த லாரிக்காரருக்குக்கூட கை காட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை என் மனைவி படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

ஆலம்பரைக் கோட்டை என்ற போர்டைப் பார்த்துத் திரும்பினேன். வீட்டு வாசலில் மூன்று மலை நிறையக் கோட்டை இருக்கும்போது, இன்னொரு இடிந்த கோட்டையைப் பார்க்க எண்பது கிலோமீட்டர் போன ஆள் நானாகத்தான் இருப்பேன். கோட்டையைத் தாண்டி, உப்பங்கழி கடலில் சேரும் இடத்துக்கு மணல் பாதை ஒன்று போனது. அதிலும் போனேன். காய்ந்த மணலில் சக்கரம் புதைந்தது. தள்ளிக்கொண்டே தண்ணீர்ப் பக்கம் போனால், ஈர மணல் சிமெண்ட் போட்ட தரை மாதிரி கெட்டியாக இருந்தது.

இங்கேதான் நான் ஓர் ஏரிக்கரைக்காரன் செய்கிற தப்பைச் செய்தேன். எங்கள் பக்கம் வெயில் காலத்தில் ஏரி வற்றினால் நடு ஏரியில்தான் எல்லோரும் வண்டி பழகுவோம். ஏரித் தண்ணீர் வற்றினால் வற்றியதுதான், அடுத்த மழைக்குத்தான் திரும்ப வரும். அந்தத் தைரியத்தில் ஈர மணலில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்து, ஹேண்டில் லாக் போட்டு, கடையைச் சாத்துகிற பழக்கத்தில் இரண்டு தடவை ஆட்டியும் பார்த்துவிட்டு, கோட்டைச் சுவரின் நிழலில் போய் உட்கார்ந்தேன். மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைத் தின்றேன். காற்று சுகமாக இருந்தது. கண் அசந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியவில்லை. யாரோ பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டு எழுந்தேன். வண்டியைப் பார்த்தேன். வண்டி கடலுக்குள் நின்றது.

நான் தூங்கிய நேரத்தில் கடல் மேலேறி வந்திருந்தது. பின்சக்கரம் அச்சு வரை புதைந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, அலை வந்து வந்து சீட்டின் மேல் ஏறியது. ஓடிப் போய் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன். லாக் போட்டது நினைவே இல்லை. இழுக்க இழுக்க இன்னும் புதைந்தது. நான் மல்லாந்து விழுந்து ஒரு வாய் கடலைக் குடித்தேன்.

மேட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் ஆறேழு பேர் கயிறோடு இறங்கி வந்தார்கள். அவர்களில் மூத்தவர், மார்பெல்லாம் நரைத்த முடி, என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"இன்னாயா, வண்டிய கொண்டாந்து படகு மாதிரி உட்டு வச்சிருக்க?"

சாவியை வாங்கி லாக்கை எடுத்தார்கள். முன்பக்கம் கயிறு கட்டினார்கள். படகுக்கு அடியில் போடுகிற உருட்டுக் கட்டையைப் பின்சக்கரத்துக்குக் கீழே திணித்தார்கள். அப்புறம் எல்லோரும் கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அலை பின்வாங்கித் தண்ணீர் குறைகிறது, இதுதானே சமயம்? "இழுங்களேன், இன்னாத்துக்கு நிக்கறீங்க?" என்று கத்தினேன்.

"போற தண்ணியில இழுத்தா மண்ணு கவ்விக்கும், உன் இடுப்புதான் புட்டுக்கும். வர்ற தண்ணி தூக்கிக் குடுக்கும், இரு" என்றார் பெரியவர்.

பெரிய அலை ஒன்று வந்தது. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ஒரே மூச்சில் இழுத்தார்கள். வண்டி ஒரு முழம் ஏறியது. மறுபடி நிற்பது, மறுபடி அலை, மறுபடி ஒரு முழம். நானும் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் ஒரு நொடி பிந்தியே இழுத்தேன். ஐந்தாவது அலையில் வண்டி கரையேறியது. கடற்பாசி மாலையோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரியே.

"வண்டி உன்னுதா?" என்று ஓர் அம்மா கேட்டார்.

"என் மாப்ளயோடது. கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்தான் ஆவுது. அவருக்குத் தெரியாம எடுத்தாந்துட்டேன்."

பெரியவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். அப்புறம் மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பொண்ணு பொழைக்கிற எடம், சும்மா நிக்காதீங்கடி, நல்ல தண்ணி கொண்டாங்க" என்று அதட்டினார். குடம் குடமாக வந்தது. பாத்திரக் கடைக்காரன் கண் குடத்தைத்தானே பார்க்கும்? எல்லாம் வீட்டில் குடிக்கப் பிடித்து வைக்கிற குடங்கள். அங்கே குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் நல்ல தண்ணீர் வருமாம். அதைத்தான் முன்பின் தெரியாத ஒருவனின் மாப்பிள்ளை வண்டிக்கு ஊற்றினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துடைத்து நிறுத்தியதும் வண்டி பளபளவென்று இருந்தது. கூட்டத்தில் ஓர் ஆள், "கம்முனு ஊட்டுக்குக் கொண்டு போய் போத்தி வச்சிடு நைனா. மழையில நனைஞ்சிடுச்சின்னு சொன்னா முடிஞ்சிது" என்று யோசனை சொன்னார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வேறென்ன செய்ய? புது மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால், அது என் மகள் தலையில்தானே விடியும்? 'உங்க அப்பா செஞ்ச வேலையப் பாத்தியா' என்று சம்பந்தி வீட்டில் ஒரு பேச்சு ஆரம்பித்தால் அது எந்தக் காலத்தில் முடியும்?

ஆனால் உப்பு என்ன செய்யும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? உப்புத் தண்ணீரை ஊற்றி வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து ஓட்டையாவதைக் கடையில் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன்! மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே அரிக்கும். இரண்டு மாதம் கழித்து பிரேக் பிடிக்காமல் போனால் பின்னால் உட்கார்ந்திருக்கப் போவது என் மகள். சோற்றுப் பையோடு கோட்டைச் சுவர் நிழலில் விட்டிருந்த போனை எடுத்து ஓசூருக்குப் போட்டேன். அந்த நாளில் அதுதான் எனக்கு இருந்த ஒரே தைரியம்.

"மாப்ள, உங்க வண்டிய நான் கடல்ல உட்டுட்டேன்."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திண்டிவனம் பொய்யையும் சேர்த்து. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆவலயே?"

"இல்ல மாப்ள."

"அப்போ சரி. ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க. இன்ஜின்ல தண்ணி போயிருந்தா போச்சு. பக்கத்துல மெக்கானிக் இருந்தா என்கிட்ட பேசச் சொல்லுங்க." அப்புறம் கேட்டார், "மாமா, ரோடு எப்டி இருந்துது?"

எனக்குப் புரியவில்லை. "எந்த ரோடு?"

"அதான், கடல் ஓரமா. அந்த ரோட்ல போவணும்னுதான் அந்த வண்டிய வாங்குனேன். இன்னும் போவவே இல்ல."

அந்த வெயிலில், ஈரப் பேண்ட்டோடு, ரோடு எப்படி இருந்தது என்று என் மாப்பிள்ளைக்குக் கதை சொல்ல ஆரம்பித்தேன். உப்பளம், சவுக்குத் தோப்பு, ஹெல்மெட்டுக்குள் பாடியது வரை. மீனவர்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மீன் ஏற்றுகிற மினி வேன் ஒன்றில் வண்டியை ஏற்றி மரக்காணத்தில் ஒரு மெக்கானிக்கிடம் சேர்த்தார்கள். அவர் ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றி, பிரேக்கைப் பிரித்துத் துடைக்கிற வரைக்கும் மாப்பிள்ளை போனில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றரை மணிக்கு வண்டி இருமி, புகை விட்டு, உயிர் பிழைத்தது. பொழுது சாய்வதற்குள் மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மேலெல்லாம் மீன் வாடை. வாசலில் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "திண்டிவனத்துல இப்போ மீனும் மொத்தத்துல விக்கிறாங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சிரித்துவிட்டாள். "நைனா, அவர் அப்பவே போன் பண்ணிட்டாரு. மாமாவ யாரும் திட்டக் கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டர்."

ஆடி முடிந்து மகளை அழைத்துப் போக மாப்பிள்ளை வந்தார். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க மாப்ள, கோவம் வரலயா?"

"வந்துது மாமா, வராம இருக்குமா? ஆனா நீங்களா போன் பண்ணி சொன்னீங்க இல்ல. எங்க வீட்ல தப்பு பண்ணா யாரும் சொல்ல மாட்டாங்க. நாமளேதான் கண்டுபுடிக்கணும், அப்புறம் ஒரு மாசம் யாரும் யார்கூடவும் பேச மாட்டோம். அது எனக்குப் புடிக்காது."

பெண்ணைக் கொடுத்த இடத்தில் தலை குனியவே கூடாது என்று பயந்து பயந்து மரியாதை காட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்த மணலில் நின்று என் தப்பைச் சொன்ன பிறகுதான், நாளைக்கு என் மகள் ஒரு தப்புச் செய்தாலும் தன் புருஷனிடம் பயப்படாமல் சொல்லலாம் என்று எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.