கறுப்புச் சேட்டுக்காரர்

நெல்லியடியில் வீட்டிலிருந்தே கல்யாணப் பட அல்பங்கள் செய்பவன் நான். கொஞ்ச நாட்களாகச் சிவப்புக் கூறைச் சேலைகள் அச்சில் வெளிறிப்போய் வந்தன. பெண்ணின் தாய்மார் முகம் சுளித்தார்கள். கணினி மொனிற்றரின் நிறத்தைச் சரிபார்க்க ஒருவரை அழைத்தேன்.

நெடிய மனிதர். கழுத்துவரை பொத்தான் பூட்டிய கறுப்புச் சேட்டோடு வந்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்க் கறுப்போ?" என்று அம்மா முணுமுணுத்தார்.

"கலர்ச் சேட்டெண்டால் அந்த நிறம் திரையிலை விழும், அம்மா. வேலைக்கு எப்பவும் இதுதான்."

நிறம் அளக்கும் சிறு கருவியைத் திரையில் தொங்கவிட்டுப் பார்த்தார். பிழை ஒன்றுமில்லை. பிறகு என் கதிரையில் அமர்ந்து நெடுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் திரும்பி, பின்சுவரில் சாமிப்படத்தின் முன் எந்நேரமும் எரியும் சிவப்பு பல்பைக் காட்டினார்.

"உந்த வெளிச்சம் திரையிலை விழுது, தம்பி. படம் சிவப்பாத் தெரியுதெண்டு நீங்கள் சிவப்பைக் குறைச்சிருக்கிறியள்."

"நூர்க்கட்டோ, அண்ணை?" என்று பல்பின் சுவிச்சில் கை வைத்தேன். அம்மாவின் முகம் மாறியது.

"வேண்டாம். சாமி அங்கையே இருக்கட்டும். மேசையைத் திருப்புவம்."

அம்மா அவருக்குத் தேத்தண்ணியோடு பருத்தித்துறை வடையும் கொடுத்தார். இப்போது கூறைகள் கூறையாகவே வருகின்றன. அந்த மனிதர் பிறகு வரவில்லை. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நேற்று அம்மா சந்தையிலிருந்து எனக்கொரு கறுப்புச் சேட்டு வாங்கி வந்தார்.

"வேலை செய்யேக்கை போடு. கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனியோ, தெரியும்!"