மஸ்கட்டுக்குப் போன ரூட் கணக்கு

இன்று சாயங்காலம் ஒரு கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன்!

என் மனைவி செல்வி மஸ்கட்டில் நர்ஸ். போன வருடம் போனவள். நான் கே.ஜி.எஃப். தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில், மகள் பாப்பாவோடு இருக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டியா, தூங்கினியா, பாப்பா படிக்கிறாளா... அதோடு பேச்சு தீர்ந்துவிடும். ட்யூட்டி முடிந்த களைப்பில் அவள் "சரி, வச்சிடட்டா?" என்பாள். எனக்கும் உருகிப் பேசவெல்லாம் வராது. (லேத் மெஷினோடு பேசிப் பழகிய வாய்!)

ஆனால் கணக்கு என்றால் செல்விக்குக் களைப்பே தெரியாது.

அதனால் பாப்பாவின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"செல்வி, ரூட் ஐம்பதுல ரூட் எட்டு போனா ரூட் நாப்பத்திரண்டுதானே?"

"ஐயோ! இன்னாங்க இது? ரூட்டுக்கு உள்ள இருக்கறத அப்பிடியே கழிக்கக் கூடாதுங்க!"

குரலில் இருந்த தூக்கம் பறந்துவிட்டது!

"எங்கப்பா மைன்ஸ்ல இருந்தப்ப சொல்லுவாரு இல்ல, ஒரே லெவல்ல வேல செய்றவங்கதான் ஒண்ணா கேஜ் லிஃப்ட்ல ஏறுவாங்கன்னு? அந்த மாதிரிதான். ரெண்டு ரூட்டுக்குள்ளயும் ஒரே நம்பர் இருந்தாதான் கூட்டவோ கழிக்கவோ முடியும். ஐம்பத உடைங்க. இருபத்தஞ்சு இன்ட்டு ரெண்டு. அப்ப ரூட் ஐம்பது?"

"அஞ்சு ரூட் ரெண்டு."

"ரூட் எட்டு?"

"நாலு ரூட் ரெண்டு." (இதுவும் வேண்டுமென்றேதான்!)

"நாலுக்கு ரூட் எடுத்துட்டு வெளிய கொண்டாங்க! ரெண்டு ரூட் ரெண்டு. அஞ்சுல ரெண்டு போனா மூணு ரூட் ரெண்டு. அவ்ளோதான்."

'அவ்ளோதான்' என்றுவிட்டாள். அடுத்து போனை வைத்துவிடுவாளே! அவள் குரல் இன்னும் கொஞ்ச நேரம் இந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

"புரியலையே செல்வி. இன்னொரு வாட்டி சொல்லேன்."

அப்போது டிவி முன்னாலிருந்து பாப்பா கத்தினாள்.

"அம்மா, நைனா டூப் வுடறாரு! நேத்து எனக்கு இந்தக் கணக்க சொல்லிக் குடுத்ததே அவருதான்!"

என் மானம் கப்பலேறியது!

புத்தகத்தை மூடப் போனேன்.

"எனக்கு மொதல்லயே தெரியும் பாப்பா," என்றாள் செல்வி. "இன்னாங்க, அடுத்த கணக்கு சொல்லுங்க."

ரூட் எழுபத்தைந்து கூட்டல் ரூட் பன்னிரண்டு கழித்தல் ரூட் இருபத்தேழு. அந்தப் பக்கத்தில் இருந்ததிலேயே நீளமானது அதுதான். அதைச் சொன்னேன்.

நண்பர்களே, நாளைக்கும் வேண்டும். இதைவிட நீளமான ரூட் கணக்கு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்களேன்!