ரெண்டு பீரும் ஒரு குவாட்டரும்

பீரெல்லாம் ஒரு சரக்கான்னு நீங்களும் கேப்பீங்களா? நானும் அப்படித்தான் கேப்பேன்.

இன்னிக்கி மத்தியானம் கும்மிடிப்பூண்டி ரூம்ல நான் ரெண்டு ஸ்ட்ராங் பீரு, கூட வேலை பாக்குற குமாரு ஒரு குவாட்டர் பிராந்தி. அப்போ அவன் பொண்டாட்டி போன் பண்ணாங்க. பாப்பாவுக்கு காய்ச்சலாம், உடனே ஊத்துக்கோட்டைக்கு வரணுமாம்.

"நீ சரக்கு மச்சி, பின்னாடி குந்து. நான் வெறும் பீரு தான்"னு பைக் சாவிய எடுத்தேன்.

"நீ இன்னா, மோரா குடிச்ச?"ன்னான்.

அவன் வாய அடைக்க, பாட்டில்ல போட்டிருந்த சதவீதத்த போன்லயே கணக்கு போட்டேன். அவன் குவாட்டர்ல ஆல்கஹால் எழுபத்தேழு எம்.எல். என்னோடது அறுநூத்தம்பதுல எட்டு சதவீதம், அது ரெண்டு பாட்டில், நூத்திநாலு!

கலாய்ப்பான்னு பாத்தேன். "ரெண்டு பேருமே ஓட்ட வாணாம்டா, எம்பொண்ணுக்கு நான் வேணும்"னு சாவிய வாங்கிக்கினான். அப்போதான் என் கால் லேசா தள்ளாடுறதே தெரிஞ்சுது.

இத ஊத்துக்கோட்டை பஸ்ல நின்னுக்கினு டைப் பண்றேன். சீட்டு கெடைக்கல.