நண்டு கழற்றிப் போட்ட ஓடு

இருமல் வந்தது எனக்கு. பெயர் கிடைத்தது என் தம்பிக்கு. அப்போது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஏழு. வாழவந்திப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். அங்கே நெஞ்சுச் சளி என்றால் ஓடை நண்டைப் பிடித்து மிளகு தட்டிப் போட்டு ரசம் வைப்பார்கள். நான் இருமத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், தம்பி ஓடையில் கல்லைப் புரட்டி ஏழு நண்டுகளோடு வந்து நின்றான். இருமல் நின்றதும் அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம், "எஞ்சின்னவன் கைராசிங்க" என்றாள். அந்தக் காரத்தை நாலு டம்ளர் குடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ரசத்துக்குப் போனவை ஆறுதான். ஏழாவதைத் தம்பி பழைய எனாமல் பேசினில் விட்டு வளர்த்தான். விரல் உயரம் தண்ணீர், ஒளிய ஒரு கல், தினமும் நாலு பருக்கை சோறு. அந்த நண்டு என்னை இரண்டு முறை கடித்தது. அவனை ஒருமுறைகூட இல்லை.

ஒரு நாள் காலையில் அவன் கத்தினான். "அண்ணா, ஓடியா! நண்டு ரெண்டாயிருச்சு!"

உண்மைதான். பேசினில் இரண்டு இருந்தன. அவனுக்கு வாய்ப்பது எல்லாம் இப்படித்தான், வைத்த இடத்தில் இரட்டிப்பாகும். என் இருமல் இல்லாவிட்டால் நண்டே வந்திருக்காது, எனக்கும் பங்கு வேண்டும் என்று சண்டைக்கு நின்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டு இருக்குதில்ல சாமி, அண்ணனுக்கு ஒண்ணு குடு."

"எது வேணுமோ எடுத்துக்கண்ணா" என்றான் அவன்.

ஒன்று வெளிறிப்போய், கால்கள் துவண்டு கல்லடியில் பதுங்கிக் கிடந்தது. மற்றது கருத்து, விறைப்பாக, பத்துக் காலும் குறையாமல் நின்றது. நான் அதையே எடுத்தேன். கடிக்கவில்லை. என்னிடம் பணிந்துவிட்டது என்று பெருமையாக இருந்தது. பிறகுதான் காய்ந்த சருகளவுகூடக் கனமில்லை என்று தெரிந்தது. திருப்பினால் பின்புறம் மூடி போலத் திறந்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. கண்ணுக்குக்கூட உறை இருந்தது, கண் இல்லை.

"ஏமாத்திட்டயாடா?"

"சத்தியமா இல்லண்ணா. நீதான எடுத்த?"

ஐந்து வகுப்புக்கும் ஒரே அறையாக இருந்த பள்ளிக்கூடத்தில் தம்பி இதைச் சொல்ல, வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு அவன் நண்டைப் பற்றியே பேசினார். அந்த ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனதாம். எங்கள் மலையில் மூங்கில் தப்பையைப் பின்னி மண் பூசிச் சுவர் வைப்பதுபோல, நூல் நூலாகக் கைட்டினைப் பின்னி இடையில் சுண்ணாம்பு பூசியிருக்குமாம். வண்டின் இறக்கை, சிலந்தியின் தோல் எல்லாம் அதே சரக்கு. மழைக்கு முளைக்கும் காளானிலும் அது உண்டாம். ஆனால் அந்தச் சுவர் வளராது. உள்ளே நண்டு வளர்ந்தால் பழையதைக் கழற்றிவிட்டு வெளியே வர வேண்டியதுதான்.

"புதுசு இறுகற வரைக்கும் கை வெக்காத கண்ணு. பழைய ஓட்டப் பேசின்லயே போடு. அதத் தின்னுதான் சுண்ணாம்பு சேத்துக்கும்" என்றார்.

அன்று சாயங்காலமே தம்பி கேட்டான். "ஓட்டக் குடுண்ணா."

"ஒனக்கொண்ணு எனக்கொண்ணுன்னு அம்மாதான சொன்னாங்க?"

தன் கோலிகளைக் கொண்டுவந்து கொட்டினான். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. அவனிடம் இருந்ததே அவ்வளவுதான். மாட்டேன் என்றேன். மூன்று நாள், நாளுக்கு ஒருமுறை கேட்டான். ஓடு என் தகரப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவனுக்குத் தேவைப்பட்டது, அது போதும்.

நாலாம் நாள் காலை நண்டு செத்துக் கிடந்தது. தம்பி அதன் முதுகை விரலால் தொட்டான். தொட்ட இடம் குழிந்தபடியே நின்றது. ஓடு கழற்றும்போது பல நண்டுகள் தாமாகவே சாவதுண்டு என்று பின்னாளில் மூன்று புத்தகங்களில் தேடிப் படித்து வைத்திருக்கிறேன். நான்காவதாக ஒன்று கிடைத்தாலும் படிப்பேன்.

பள்ளிக்கூடத்தில் நண்டு செத்ததைக் கேள்விப்பட்டு வாத்தியார் கேட்டார். "நாஞ்சொன்னாப்ல ஓட்டப் போட்டயா?"

தம்பி என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"இல்லீங்க சார். வெளையாடப் போனப்ப நாந்தான் அந்த ஓட்ட ஓடைல வுட்டுட்டேன்."

"ஒனக்கு நொம்ப வெளையாட்டாப் போச்சு. ஏறு பெஞ்சு மேல."

ஏறி நின்றான். அறையில் இருந்த முப்பத்தொரு தலைகளும் அவனையே அண்ணாந்து பார்த்தன. சரியாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லையே இவனுக்கு என்று நினைத்தேன். தண்டனையிலும் எல்லோரும் அவனைத்தான் பார்க்கிறார்களே என்று வயிறு எரிந்தது. அவன் நின்று கொண்டிருந்தது என் இடத்தில் என்று அப்போது எனக்குத் தெரியாது.