தம்பியின் மனைவி என்று எழுதப்பட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை, சலவை அறையில் எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. ஜெசிந்தாக்கா இறந்துவிட்டார் என்று தாதி சொன்னார். பிறகு, "நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார். "வேலைத் தோழி என்று எழுதித் தந்திருக்கிறார்," என்று அவரே படித்துச் சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் தங்கச்சி என்று எழுதியிருப்பார்கள். எங்கள் ஆட்களிடையே அதை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். ஜெசிந்தாக்கா எழுதமாட்டார். ஏன் என்று நம் கோயில் ஆட்களான உங்களில் சிலருக்குத் தெரியும். தமிழ்ப் பூசையில் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் முதல் ஆளாக எழும்பிப் போகும் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்தவர்களும் இருக்கிறீர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் அவரும் தம்பி அல்பிரட்டும் மன்னாரிலிருந்து புறப்பட்டு, கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு ஜெர்மனிப் பக்கம் வந்து அகதிகளாகப் பதிந்தார்கள். இருவர் பெயருக்குப் பின்னாலும் தகப்பன் பெயர் சவரிமுத்து இருந்தது. பதிவு செய்த ஜெர்மன் அலுவலருக்கு அது குடும்பப் பெயர். ஒரே குடும்பப் பெயருடன் ஒரு வாலிபனும் ஒரு பெண்ணும் வந்து நின்றால் கணவன் மனைவி என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்று மொழிபெயர்ப்பாளர் இல்லை. தம்பிக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல் 'யா', அதாவது ஓம். கேட்டதற்கெல்லாம் அவன் யா என்றான்.

"எங்களுக்கெண்டு தனி அறை தந்தாங்கள். நல்ல மனுசர் எண்டு நாங்கள் சந்தோசப்பட்டம்," என்று அக்கா பின்னாளில் சொன்னார்.

சில வருடங்களில் அல்பிரட் கனடாவுக்குப் போய் அங்கே கலியாணம் செய்தான். அக்கா இங்கேயே தங்கி, றூர் ஆற்றுப் பக்கத்துச் சிறிய நகரமொன்றில் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்தார். நானும் அங்கேதான். வருடா வருடம் அவருடைய விசாவை நீடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பின் பழைய பக்கங்களை யாரும் புரட்டவில்லை.

மார்க் போய் ஈரோக் காசு வந்த வருடம் அக்கா நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தார். பதில் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். கணவரின் பத்திரங்களையும் இணைக்கவேண்டும் என்று எழுதியிருந்தது.

"ஆர் என்ரை புருசன்?" என்றார்.

பெயரைப் படித்துக் காட்டினேன். அக்கா கடிதத்தை வாங்கி மடித்தார்.

பிழை என்றால் நிரூபியுங்கள் என்றார்கள் அலுவலகத்தில். போர்நிறுத்தம் வந்து பாதை திறந்திருந்ததால், மன்னார்ப் பங்குச் சுவாமியார் இருவருடைய ஞானஸ்நானப் பத்திரங்களையும் அனுப்பினார். ஒன்றில் தகப்பன் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்படியானால் இவர்கள் இரண்டு தகப்பன்மாரின் பிள்ளைகள் என்று அலுவலர் ஒதுக்கிவிட்டார். திரும்ப எழுதி, திரும்பக் காத்திருந்து, திருத்திய பத்திரம் வந்தபிறகு தம்பியின் சத்தியக் கடிதமும் வேண்டும் என்றார்கள். அல்பிரட் தொலைபேசியில், "அக்கா, அதைக் கிளறாதேங்கோ. இஞ்சை என்ரை பேப்பருக்கும் பிரச்சினை வரும்," என்றான். அதுவரை அக்காவுக்கு ஆறு மாத விசா முத்திரையைத்தான் திரும்பத் திரும்பக் குத்திக் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சேவியர் அண்ணை அவரைக் கலியாணத்துக்குக் கேட்டார். எங்கள் இல்லத்துக்குப் பார்சல் வண்டி ஓட்டியவர், நாற்பது தாண்டியவர், அமைதியானவர். அக்காவுக்கும் விருப்பம். அண்ணை வரும் நாட்களில் தலையை வேறு விதமாகப் பின்னியிருப்பார். ஆனால் பத்திரத்தில் கணவன் இருக்கும்வரை பதிவுத் திருமணத்துக்கு வழியில்லை.

வழக்கறிஞர் ஒரு குறுக்கு வழி சொன்னார். விவாகரத்துக்குப் போடுங்கள், ஒரு வருடத்தில் முடியும். சேவியர் அண்ணையும், "கடுதாசிதானே, ஜெசிந்தா," என்றார்.

"கடுதாசிதானே எண்டால் நாங்கள் செய்யப்போற கலியாணமும் கடுதாசிதானே," என்றார் அக்கா.

நான் செய்ததை இங்கே சொல்லவேண்டும். அவருக்கு நன்மை செய்வதாக நினைத்து, வழக்கறிஞர் தந்த விவாகரத்துப் படிவம் முழுவதையும் நானே நிரப்பி, கையெழுத்து மட்டும் போடுங்கோ என்று கொடுத்தேன். அக்கா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்.

"கூடிப் பிறந்தவனை நான் என்னெண்டு விவாகரத்துச் செய்யிறது? செய்தால், ஒருக்கா அவனைக் கட்டினனான் எண்டெல்லோ ஆகுது. நீரும் இதைத்தான் எழுதினீரோ?"

நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தோம். ஒருநாள் பெரிய விரிப்பொன்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, "மற்றப் பக்கத்தைப் பிடியும்," என்றார். அதோடு கோபம் முடிந்தது.

சேவியர் அண்ணை இரண்டு வருடம் பொறுத்தார். பிறகு வீட்டார் பார்த்த பெண்ணை ஊரிலிருந்து எடுத்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். கோயிலில் நடந்த அந்தக் கலியாணத்துக்கு அக்கா வந்து, கடைசிவரை இருந்து, கைகொடுத்துவிட்டுப் போனார். அல்பிரட்டின் சத்தியக் கடிதம் அதற்கு நான்கு மாதம் பிந்தி வந்தது. என்ன நினைத்து மனம் மாறினானோ தெரியாது.

திருத்தம் செய்த நாளில் நான் கூடப் போனேன். அலுவலகத்தில் புதிதாக ஓர் இளம் பெண் இருந்தார். கோப்பை முதலிலிருந்து வாசித்தார். பிறகு கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, 'மணமானவர்' என்று இருந்த இடத்தில் 'மணமாகாதவர்' என்று மாற்றியதைக் காட்டினார். "மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார். நிரந்தர வதிவிட முத்திரையும் அன்றே கிடைத்தது.

நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் கோப்பி குடித்தோம். அக்கா கடவுச்சீட்டைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"சேவியருக்கு ஒருக்காச் சொல்லவேணும் போல கிடக்கு," என்றார். கடவுச்சீட்டை மூடிப் பைக்குள் வைத்து, "இனி என்னத்துக்கு," என்றார்.

"விவாகரத்துப் போட்டிருந்தால்..." என்று நான் தொடங்கினேன்.

"ஓம். இப்ப எனக்கொரு வீடு இருந்திருக்கும்," என்றார் அமைதியாக. "அது எனக்கும் தெரியும்."

அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. தனியாகவே இருந்தார். போன மாதம் சுகமில்லாமல் படுத்தவர் எழும்பவில்லை.

சரியான சொல்லுக்காக ஒரு வாழ்க்கையைக் கொடுத்தது சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் விட்டுப்போனது ஓர் உறுத்தல். என்னை இங்கே கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் என் பிறந்த திகதியை மாற்றி எழுதினான். இருபது வருடமாக வேறு யாருடையதோ ஒரு பிறந்தநாளுக்குக் கீழே நான் கையெழுத்திட்டு வருகிறேன். அதைத் திருத்துவதால் எனக்கு எந்த நன்மையும் இல்லை. தொல்லைதான் கூடும். ஆனாலும் செத்தவீடு முடிந்த மறுநாள் அலுவலகத்துக்கு அழைத்து டெர்மின், சந்திக்கும் நேரம், எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை. கூட யாராவது வரலாமா என்று கேட்டேன். ஓம், ஒருவர் வரலாம் என்றார்கள்.

அந்த ஒருவர் அக்காவாக இருந்திருப்பார். தனியாகத்தான் போகப்போகிறேன்.